பவளத்தின் எஞ்சின்

கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு எழுந்தபோது என் மனைவி பவளம் பின்வாங்கவில்லை. ஈரத் துண்டை மேலே போட்டு அமுக்கிவிட்டு, இன்னொரு முறை சாவியைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். எஞ்சின் நாலு தடவை உறுமி, பெரிதாக ஒரு வெடி வெடித்து நின்றது. கராஜ் படியில் உட்கார்ந்து சீரியல் தின்றுகொண்டிருந்த மகள் தென்றல், "அம்மா, இட் ஸ்னீஸ்ட்" என்றாள், வண்டி தும்மியதாம். ஐந்து வயது. நாங்கள் பேசும் தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

மணி காலை பத்தேகால். பன்னிரண்டுக்கு டோனா வருவதாக இருந்தது. டோனா, டெக்சாஸில் பிளானோ ஊரில் எங்கள் குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கச் செயலாளர். ஓடாத வண்டியை கராஜுக்கு முன்னால் தெருவுக்கு இறங்கும் டிரைவ்வேயில் நிறுத்தக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். மூன்று கடிதம் போட்டுவிட்டார்கள். இன்று மதியத்துக்குள் வண்டி தன் எஞ்சினிலேயே தெருவில் இறங்கி ஓடிக் காட்டாவிட்டால், சாயங்காலம் டோ டிரக் வந்து இழுத்துப்போய்விடும் என்றது மூன்றாவது கடிதம். டோனாவைக் குறை சொல்ல முடியாது. ஏழு மாதம் பொறுத்திருந்தாள்.

வண்டி 1956-ஆம் வருடத்து ஃபோர்டு பிக்கப். வைலி பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில், கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த நிலையில் பவளத்தின் கண்ணில் பட்டது. நான் பார்த்தது துரு. அவள் பானெட்டைத் தூக்கி எஞ்சினைத்தான் பார்த்தாள். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் எஞ்சினியராக இருந்தவள். நான் ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்கென்று டெக்சாஸ் வந்தபோது கூட வந்தாள். அவளுடையது ஹெச்-4 விசா, வேலை பார்க்கக் கூடாது. வந்த புதிதில் வீட்டு மிக்ஸியைப் பிரித்து மாட்டினாள், பிறகு டிஷ்வாஷரை, பிறகு பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷினை. அதற்கப்புறம் பிரிக்க ஒன்றும் இல்லாமல் போய், ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தாள். அந்த உட்காருதலைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் கோழி எச்சத்தோடு அந்த வண்டியை வீட்டுக்கு இழுத்துவரச் சம்மதித்தேன்.

எஞ்சினை வெளியே தூக்கிப் பிரித்தபோது உள்ளே எல்லாமே தேய்ந்துகிடந்தது. மற்ற பெண்கள் ஊறுகாய் பாட்டில் வைத்துக் கொண்டுவரும் இடத்தில், இவள் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒரு மைக்ரோமீட்டர் கொண்டுவந்திருந்தாள். எட்டு சிலிண்டரையும் அளந்து, எது எத்தனை தவு தேய்ந்திருக்கிறது என்று தென்றலின் கலரிங் புத்தகத்தில் ஒரு யானைப் படத்தின் மேல் எழுதிவைத்தாள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தவு. கார்லண்டில் ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கியதும், புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் என்று ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஆயுதபூஜைக்குள் ஓட்டிவிடலாம் என்றாள், முடியவில்லை. ஸ்டாண்டில் நின்ற எஞ்சினுக்கே சந்தனம் வைத்துப் பொரி படைத்தோம். ஜன்னலோர நாற்காலியில் துணி காயப்போட ஆரம்பித்திருந்தாள். அதைக் கவனித்தும் கவனிக்காதவன்போல இருந்தேன், கண்ணு பட்டுவிடக் கூடாதே என்று.

இத்தனை வேலையில் எனக்கு என்று அவள் கொடுத்தது ஒன்றே ஒன்று. நேற்றுச் சாயங்காலம், எட்டு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வட்ட மூடியிலிருந்து எட்டு ஒயர்களை எட்டு பிளக்குக்கு மாட்டுவது. எந்த வரிசையில் என்று எஞ்சின் மேலேயே வார்ப்பில் எண் இருக்கிறது: ஒன்று, ஐந்து, நாலு, எட்டு, ஆறு, மூன்று, ஏழு, இரண்டு. முதலாவது எது என்று அவள் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள். மிச்சத்தை நான் மந்திரம்போல் சொல்லிச் சொல்லி மாட்டினேன். மாட்டிவிட்டு, நாமும் இந்த எஞ்சினில் ஒரு பங்கு என்று பெருமையாகக் காபி குடித்தேன்.

பதினொரு மணி வரை இன்னும் பத்து தடவையாவது சாவியைத் திருப்பியிருப்பேன். தும்மல், வெடி, புகை. பெட்ரோல் வருகிறதா, வருகிறது. பொறி வருகிறதா, வருகிறது. அவள் கழுத்தில் வேர்வை வழிந்தது. கடைசியில் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"வால்வு தெறக்கற கேம் டைமிங்தான் தப்பா வெச்சுட்டேனாட்ட இருக்குதுங்க. முன்பக்கம் மொத்தமும் பிரிக்கோணும். ரெண்டு நாள் ஆகும்."

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு வருஷமாச்சுல்லங்க. கை விட்டுப்போச்சு."

வண்டி போனால் போகட்டும், அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டோ டிரக் இரும்பை மட்டும் இழுத்துக்கொண்டு போகாது என்று அப்போது தெரிந்தது. சமாதானமாக எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்து, பொறி வருதுன்னியே, அது சரியான இடத்துக்குத்தான் வருதா என்று கேட்டேன். விஷயம் தெரிந்து கேட்கவில்லை. ஏதோ கேட்டேன், அவ்வளவுதான்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துபோய் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே முள்போலச் சுற்றும் ரோட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டு, சாவியை லேசாகத் தொட்டுத் திருப்பச் சொன்னாள். தொட்டேன். மறுபடி தொடச் சொன்னாள். பிறகு நெடுநேரம் மூடியையும் ஒயர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நேத்து ஒயரை எந்தப் பக்கமாச் சுத்தி மாட்டுனீங்க?"

"வலப்பக்கமாத்தான். வேற எப்படிச் சுத்துவாங்க?"

"கோயிலாங்க இது? பிரதட்சணம் பண்ணி வெச்சிருக்கீங்க." அவள் குரலில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "இந்த எஞ்சின்ல ரோட்டர் இடப்பக்கமாச் சுத்துதுங்க."

எட்டு ஒயரில் ஒன்றும் ஆறும் மட்டும்தான் சரியான இடத்தில் இருந்தன. மிச்சம் ஆறும் தப்பு. அந்த ஆறும் என் தப்பு, அவள் கையின் தப்பு இல்லை. நான் செய்த தப்பை யாராவது கண்டுபிடித்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. ஆபீஸில் என் புரோகிராமில் பிழை கண்டுபிடித்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் நான். இன்றைக்குத் தென்றலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பவளத்தின் விரல்கள் ஒயர்களைப் பிடுங்கி மாட்டின. ஒன்று, ஐந்து, நாலு, எட்டு. அவள் வாய் முணுமுணுக்கக்கூட இல்லை. டோனாவின் வெள்ளைக் கார் வந்து நின்றது. கையில் கிளிப்போர்டோடு இறங்கி, கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்று தயவாகச் சொன்னாள்.

இந்த முறை பவளம் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. அவளே ஏறி உட்கார்ந்தாள். தென்றல் மறுபக்கம் ஏறிக்கொண்டாள். ஸ்டார்ட்டர் ஒரே ஒரு தடவைதான் இழுத்தது. அப்புறம் கராஜில் தொங்கிய சைக்கிள், அலமாரி டப்பா, என் மார்க்கூடு எல்லாம் அதிர்ந்தன. கரகரப்பு இரண்டு நொடி இருந்து, பிறகு சீராகி, அடி ஆழத்திலிருந்து ஒரே தாளமாக வந்தது. டோனா கிளிப்போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள்.

தெருவுக்கு இறங்கிவிட்டு மேலே ஏறினால் போதும் என்று டோனா சத்தமாகச் சொன்னாள். பவளத்துக்குக் கேட்டிருக்காது, அல்லது கேட்டிருக்கும். வண்டி டிரைவ்வேயை விட்டு இறங்கியது, தெருவில் இடப்பக்கம் திரும்பியது, ஏறாமல் போய்க்கொண்டே இருந்தது. முனையில் மறுபடி இடப்பக்கம் திரும்பி மறைந்தது.

எங்கே போகிறாள் என்று டோனா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வீடுகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்தெருவில் நாய்கள் குரைத்தன. வண்டி நின்றிருந்த இடத்தில், எண்ணெய்க் கறையின் மேல் நானும் டோனாவும் நின்றுகொண்டு, அந்தச் சத்தம் நகர நகர, அதன் கூடவே மெல்ல இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தோம்.