பளபளப்பாக இருந்த புரொப்பல்லர்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படகை நான் மணலில் ஏற்றவில்லை. மணல்தான் படகுக்கு அடியில் வந்தது. பதினெட்டு வருஷமாக இந்த ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். எங்கே ஆழம், எங்கே மேடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். செவ்வாய்க்கிழமை மதியம் டீசல் போடுவதற்காகக் காலிப் படகை ஓட்டிக்கொண்டு போனபோது நான் தூங்கவும் இல்லை.

முன்னால் உட்கார்ந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தினாள்.

"ஏங்க, ஆழம் காட்டுற மிதவையை நகர்த்திப் போட்டிருக்காங்க பாருங்க. அதுக்கு வெளிப்பக்கமா போங்க."

"மிதவை போட்டவனுக்கு ஆத்தைப் பத்தி என்ன தெரியும்? போன மாசம் வேலைக்குச் சேர்ந்திருப்பான்."

"மணல் சேர்ந்திருக்கும்ங்க. அதான் நகர்த்தியிருக்காங்க."

"நீ கயித்தைப் பாரு."

அவள் கயிற்றைப் பார்த்தாள். நான் உள்பக்கமாகவே விட்டேன். அடியில் கரகரவென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னாலேயே டங்கென்று ஒன்று. படகு நின்றது. நான் நிற்கவில்லை, ஸ்டியரிங்கில் போய் முட்டிக்கொண்டேன். சரி, பின்னால் எடுத்துவிடலாம் என்று ரிவர்ஸைப் போட்டு முழு வேகத்தில் முறுக்கினேன். முதல் இடியில் தப்பித்திருந்ததும் அந்த முறுக்கில்தான் போயிற்றாம். இது என் மச்சான் பிறகு சொன்னது. நானாக எதற்குச் சொல்லப்போகிறேன்?

என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, எனக்கும் கத்தத் தெரியும். பேசாமல் இருந்தால்தான் பயம்.

பயப்படக் காரணமும் இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்குப் படகு ஓட்டும் லைசென்ஸ் பரீட்சை. இதே படகில்தான். ஏற்கெனவே இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனால் இரண்டு வருஷத்துக்கு மனுவே கொடுக்க முடியாது. ஒன்பது வருஷமாக என் படகில் கயிறு வீசுகிறாள். மத்தியான வெயிலில் எனக்குக் கண் சொக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கரை சேர்ப்பதும் அவள்தான். தன் பெயரில் ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும், அதைச் சட்டம் போட்டு ஸ்டியரிங்குக்கு மேலே மாட்ட வேண்டும். அவளுடைய ஆசை இவ்வளவுதான். சட்டம்கூட வாங்கி வைத்துவிட்டாள். போன வருஷமே வாங்கியது, அலமாரியில் காலியாக இருக்கிறது.

முதல் தடவை எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. டீசல் குழாயை யாரோ திறக்காமல் விட்டிருந்தார்கள். இரண்டாவது தடவை ஹாரன் அடிக்கவில்லை. பேட்டரி வயரை யாரோ சரியாக முறுக்கவில்லை. இரண்டு தடவையும் நான் அவளிடம், "உன் நேரம் சரியில்லம்மா" என்று ஆறுதல் சொன்னேன்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். ஆற்றோரம் படகு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மணலிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்திருந்த எங்கள் படகைப் புதன்கிழமை காலை தண்டவாளத்து வண்டியில் ஏற்றி, வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றி மேலே இழுத்தோம். தண்ணீரை விட்டு அடிப்பாகம் வெளியே வந்ததும் மச்சான் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். தண்ணீரைத் தள்ளுகிற புரொப்பல்லரில் இருந்த மூன்று இதழ்களில் ஒன்று காது மாதிரி மடிந்து கிடந்தது. இன்னொன்றின் நுனியே காணோம். சுக்கான் தகடு வளைந்து, புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டைத் தாங்குகிற பிராக்கெட்டில் இரண்டு போல்ட்டுகள் துண்டாகியிருந்தன.

"மாப்பிள்ளை, எதுல இடிச்சீங்க? மலையிலயா?"

"மணல்."

"மணல் இவ்வளவு செய்யாதே."

"மணலுக்குள்ள கல் இருந்திருக்கும். எனக்கென்ன அடியில கண்ணா இருக்கு?"

என் மனைவி, "மிதவை இருந்துச்சு அண்ணா" என்றாள். செவ்வாய் மதியத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அதற்கு நான் காது கொடுக்கவில்லை.

மச்சான் வேலைக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு கட்டையில் ஆணி அடித்து, ஆணி முனை ஷாஃப்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி நிறுத்தினார். என்னை ஷாஃப்டை மெதுவாகக் கையால் சுற்றச் சொன்னார். வளைந்திருந்தால் இடைவெளி கூடும், குறையும். ஒரு சுற்று முழுக்கச் சுற்றியும் இடைவெளி மாறவில்லை. "ஷாஃப்ட் பிழைச்சுது, நீங்களும் பிழைச்சீங்க" என்றார். பிராக்கெட்டுக்குப் புது போல்ட் போட்டார். சுக்கான் தகட்டைக் கழற்றிச் சூடு காட்டி, ஜாக்கி வைத்து நிமிர்த்தினார். புரொப்பல்லரைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை உருக்கி ஒட்டி, எடை சமமாக்கிக் கொடுக்க ஒரு வாரம் ஆகுமாம்.

"கவலைப்படாதீங்க. என் பட்டறை அலமாரில ரெண்டு ஸ்பேர் இருக்கு. சிவப்பு பெயிண்ட் தடவினது ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை எடுத்து வைங்க. ஒரு மணிக்கு என் படகு கிளம்பணும், போயிட்டு வந்து நானே மாட்டித் தர்றேன்" என்றார். அவருக்கு இரண்டு எஞ்சின் வைத்த சுற்றுலாப் படகு ஒன்று உண்டு.

அவர் போனதும் அலமாரியைத் திறந்தேன். இரண்டு புரொப்பல்லர்கள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே துளை. சிவப்பு பெயிண்ட் தடவியதன் மேல் சிப்பி ஒட்டிக் காய்ந்து, பாசி படிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. பக்கத்தில் இருந்தது எண்ணெய் தடவி, துணி சுற்றி, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. பார்த்தீர்களா நியாயத்தை? தங்கச்சி புருஷனுக்குச் சிப்பி பிடித்தது, தன் படகுக்குப் பளபளக்கிறது! கல்யாணத்தன்று எனக்கு ஆடுகிற நாற்காலியைப் போட்டவர்தானே இவர். அதை நான் இன்னும் மறக்கவில்லை. இருக்கட்டும் என்று பளபளப்பானதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவர் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. வந்து பார்த்தால் பிடுங்கிக்கொள்வாரே! ஷாஃப்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, புரொப்பல்லரை ஏற்றினேன். நட்டை முடுக்க ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகித் தொங்கினேன். பின்னைக் குத்தி மடக்கினேன். வேலை சுத்தம், நானே அதைத் தட்டிக்கொடுத்தேன். என் மனைவி மேலே வின்ச்சில் நின்று, "அண்ணா வரட்டுமேங்க" என்றாள். "உங்க அண்ணன் வந்துதான் எனக்கு நட்டு முடுக்கக் கத்துக்கொடுக்கணுமா? இறக்கு" என்றேன். இறக்கினாள். எஞ்சினைப் போட்டுப் பார்த்தேன், சத்தம் அருமையாக இருந்தது. கியர் போடவில்லை, எதற்குப் போட வேண்டும்? படகுத்துறை அடுத்தாற்போல்தான். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். சாயங்காலம் திரும்பி வந்த மச்சானிடம், "மாட்டியாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பரீட்சை அதிகாரி வந்துவிட்டார். கண்டிப்பான அம்மா. எங்கள் உயிர்காப்பு உடையை நம்பாமல் தன்னுடையதை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருந்தார். டீசல் குழாயை என் மனைவியே திறந்தாள். ஹாரனை மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். என்னைப் படகில் ஏறக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார், இவளும் "ஏற வேணாம்" என்று தனியாக ஒரு தடவை சொன்னாள். மச்சானும் வேலையைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

கயிறு அவிழ்ந்தது. அவள் கியர் லீவரை முன்னால் தள்ளினாள்.

படகு பின்னால் போயிற்று.

சும்மா போகவில்லை, பின்னால் கட்டியிருந்த மீன்பிடிப் படகுகளைப் பார்த்து ஜம்மென்று போயிற்று. அவள் உடனே லீவரை நடுவுக்கு இழுத்தாள், படகு மிதந்து நின்றது. ஒரு விநாடி லீவரையே பார்த்தாள். மறுபடி மெதுவாக முன்னால் தள்ளினாள். மறுபடியும் பின்னால்! அதிகாரி மடியில் இருந்த பேப்பரை நிமிர்த்திப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, எதை மாட்டினீங்க?"

"பளபளன்னு இருந்ததை."

"ஐயோ கடவுளே! ரெண்டு எஞ்சின் படகுல ஒண்ணு வலப்பக்கமா சுத்தும், ஒண்ணு இடப்பக்கமா சுத்தும். அப்பதான் படகு நேரா போகும். உங்களுது வலப்பக்கம் சுத்துற எஞ்சின். நீங்க மாட்டினது இடப்பக்கத்துக்கானது! அதனாலதானே வலப்பக்கத்துக்கானதுல சிவப்பு தடவி வச்சேன்!"

"அதுல சிப்பி இருந்துச்சே?"

"சுரண்டினா போயிடும்!"

படகில் அதிகாரி ஏதோ கேட்டார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். புருஷன் செய்த கூத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பேனா பேப்பரை நோக்கி இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அலமாரியில் இருக்கிற அந்தக் காலிச் சட்டம்தான் கண்ணுக்குள் வந்தது.

"மேடம்!" என்று கத்தினேன். எஞ்சின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

மச்சான் என் கையைப் பிடித்தார். "யோசிச்சுக்குங்க. புரொப்பல்லரை ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்க. தரை தட்டினதை ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தீங்களா? இல்லல்ல? உங்க லைசென்ஸுக்கே வேட்டு."

டிக்கெட் கொடுக்கிற கூண்டுக்குள் ஓடினேன். அங்கே இருக்கிற ஆளை எல்லோரும் 'அறிவிப்பு' என்றுதான் கூப்பிடுவோம். நாளெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்புக் கொடுக்கிற சுகத்துக்காகவே வேலைக்கு வருகிறவர். அந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"மேடம்! எழுதாதீங்க! தப்பு என்னோடது!"

துறையில் நின்ற ஐம்பது அறுபது பேரும் திரும்பினார்கள். அக்கரையிலும் ஒலிபெருக்கி உண்டு, அங்கேயும் திரும்பியிருப்பார்கள்.

"புரொப்பல்லரைத் தப்பா மாட்டினது நான்! அவளுக்குத் தெரியாது! செவ்வாய்க்கிழமை படகைத் தரை தட்ட வச்சது நான்! மிதவையைப் பாருன்னு அவ சொன்னா, நான் கேக்கல!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "போன தடவை ஹாரன் வயரை முறுக்காதது நான்! அதுக்கு முந்தி டீசல் குழாயைத் திறக்காததும் நான்! அவளுக்கு ஓட்டத் தெரியும் மேடம், என்னைவிட நல்லா தெரியும்!"

அறிவிப்பு என் தோளைத் தட்டி, "அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

அதிகாரி பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. என் மனைவியிடம் ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். அப்புறம் லீவரைப் பின்னால் இழுத்தாள். படகு முன்னால் போயிற்று! முன்னால் போக ரிவர்ஸ், நிறுத்த முன்கியர். எல்லாம் தலைகீழ். அப்படியே ஆற்றைக் கடந்தாள், புது மிதவைக்கு வெளிப்பக்கமாக வளைத்தாள், திரும்பி வந்தாள். துறையை நெருங்கினாள். கடைசி நிமிடத்தில் லீவரை முன்னால் தள்ளி, படகை நிறுத்தி, துறையில் தொங்கிய டயரில் பூப்போல ஒட்டவைத்தாள். இப்படி ஓட்டுகிறவளை நான் ஒன்பது வருஷம் கயிறு வீசச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அதிகாரி இறங்கி நேராக என்னிடம் வந்தார். "தரை தட்டினதைத் தெரிவிக்கல. மூணு மாசம் நீங்க ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. லைசென்ஸைக் குடுங்க."

கொடுத்தேன்.

"அவங்க?" என்று கேட்டேன். மனைவியை 'அவங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"கியர் தலைகீழா இருக்கிற படகை இவ்வளவு சுத்தமா கட்டினவங்களுக்கு மார்க் போட இந்தப் பேப்பர்ல இடமே இல்லை" என்றார். என்றாலும் போட்டார்.

சனிக்கிழமை சிப்பி சுரண்டிய புரொப்பல்லரை மச்சான் தன் கையாலேயே மாட்டினார், என்னை நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு. அது சிப்பிக்கு அடியில் கீறல்கூட இல்லாமல் இருந்தது. உட்கார எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். ஆடவில்லை.

திங்கட்கிழமை முதல் படகு. ஸ்டியரிங்குக்கு மேலே அவளுடைய லைசென்ஸோடு சட்டம் தொங்கியது. நான் முன்னால் உட்கார்ந்து கயிறு சுருட்டினேன். கயிறு சுருட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அறிவிப்பு மைக்கில், "இந்தப் படகு முன்னோக்கிச் செல்லும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றார். துறையே சிரித்தது.

அக்கரையில் ஆட்கள் இறங்கியபின் படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள், முன்னால் பார்த்தபடியே. "அன்னிக்கு மைக்ல ஊருக்கே சொன்னீங்க. அதிகாரிகிட்ட சொன்னீங்க. என்கிட்ட இன்னும் சொல்லல."

அறுபது பேருக்கு நடுவில் கூசாத நாக்கு ஒரே ஒருத்தி முன்னால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கயிற்றைப் பார்த்தேன், ஆற்றைப் பார்த்தேன். கடைசியில் சொன்னேன்.

"மூணு தடவையும் தப்பு என்மேலதாம்மா."

"கேக்கல."

எஞ்சின் சத்தம் அவ்வளவு ஒன்றும் இல்லை. அவள் கையை நீட்டி அதையும் அணைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள்.