இடம் மாறிய கட்டம்

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அறைக் கதவில் 'ஆராய்ச்சிப் புள்ளியியல் ஆலோசகர்' என்று பலகை இருந்தது. அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர்கள் கிடையாது. எந்தத் துறையாக இருந்தாலும், வருடக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த எண்களை எடுத்துக்கொண்டு கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

உப்பு ஏறிய நிலத்தில் எந்தப் பயிர் தாங்கும் என்று பார்க்கிற மண் ஆராய்ச்சியாளர் வருவார். அவர் போன பிறகு நாற்காலியைத் தட்டித் துடைக்க வேண்டியிருக்கும். பூச்சியியல்காரருக்குத் தேனீக்காரர் என்றே பெயர். ஏதாவது ஒரு கை எப்போதும் வீங்கியிருக்கும். கட்டடப் பொறியியலில் ஒருவர் பதினேழு வருடமாகக் கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். "நேத்து மட்டும் நாப்பது உடைச்சேன்மா" என்பார், நாற்பது பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் மாதிரி. ஒன்பது பேர் மட்டுமே பேசுகிற ஒரு மொழியைப் பதிவு செய்துவந்த மொழியியல் பெண் ஒருநாள் கதவைத் திறந்து, "இப்போ எட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

இத்தனை பேருக்கும் கேள்வி ஒன்றுதான். "வித்தியாசம் இருக்கா?"

போட்ட உரத்துக்கும் போடாததற்கும், கொடுத்த மருந்துக்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. மூன்று வருட உழைப்பை மூன்று எழுத்தில் முடித்து அனுப்பும் வேலை அது. அதனால் கணக்கம்மா அந்த "இல்லை"யைச் சட்டென்று சொல்ல மாட்டாள். முதலில் தேநீர் வரவழைப்பாள். தேநீரைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிடும்.

அவள் மனம் நிறைந்து "இருக்கு" என்று சொன்னது ஒரு தடவைதான். ஒன்பது வருடத்துக்கு முன்பு, கல்வியியல் பேராசிரியையிடம்.

பேராசிரியை அவளைவிட மூன்று வயது மூத்தவர். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவள் அவரை அக்கா என்பாள், அவர் இவளை வாடி போடி என்பார். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுக்காமல், வகுப்பையே கைதட்டிக்கொண்டு பாடத்தைச் சேர்ந்து வாசிக்க வைப்பது அவர் கண்டுபிடித்த முறை. கூட்டு வாசிப்பு என்று பெயர் வைத்தார். அறுபது பள்ளிகளில், பாதியில் புதிய முறை, பாதியில் பழைய முறை. இரண்டு வருடம் நடந்தது. தேர்வு வைத்ததும் படிவங்களை நிரப்பியதும் பள்ளி ஆசிரியர்கள். கணக்குப் போட்டவள் இவள். இரண்டாம் வருட முடிவில் புதிய முறைப் பிள்ளைகள் நிமிடத்துக்குப் பதினொரு சொல் அதிகமாக வாசித்தார்கள் என்று வந்தது. அன்று பேராசிரியை இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாழ்வாரத்திலேயே ஒரு சுற்று சுற்றினார்.

அதற்குப் பிறகு கூட்டு வாசிப்பு நானூறு பள்ளிகளுக்குப் போனது. பேராசிரியைக்கு விருதுகள் வந்தன, வெளிநாட்டு மாநாடுகள் வந்தன. கணக்கம்மாவுக்கும் அதில் ஒரு பெருமை. தங்கையின் கணவர் இறந்த பிறகு தங்கையும் மகளும் இவளோடுதான் இருந்தார்கள். பெண்ணைப் பள்ளியில் சேர்க்கும்போது, கூட்டு வாசிப்பு நடக்கிற பள்ளியாகத் தேடிப்பிடித்துச் சேர்க்கச் சொன்னது இவள்தான். "நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றாள் தங்கை. தபால் நிலையத்தில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவள். யோசிக்கிற விஷயத்தையெல்லாம் அக்காவிடம் விட்டிருந்தாள்.

பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பாடத்தைக் கேட்டால் தண்ணீர் மாதிரி ஒப்பிப்பாள். ஆனால் மதிப்பெண் மட்டும் வராது. கவனம் பத்தவில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

அந்த வருடம் பல்கலைக்கழக ஆராய்ச்சி நாள் வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொரு துறையும் மேசை போட்டுத் தன் வேலையைக் காட்டும். முக்கிய உரை பேராசிரியையுடையது. இரண்டு வாரத்தில் பள்ளி திறந்ததும் எல்லா முதல் வகுப்புகளிலும் கூட்டு வாசிப்புதான் என்று கல்வி அலுவலகம் முடிவு செய்திருந்தது. "பழைய படிவமெல்லாம் ஸ்டோர்ல இருக்கும்டி. ரெண்டு கட்டு எடுத்து வை, மேசையில வைக்கலாம். அந்தப் பதினொரு சொல் வித்தியாசத்தைக் காட்டுற படத்தையும் பெரிசா வரைஞ்சு குடு" என்று கேட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டிகள் வந்தன. கணக்கம்மா கயிற்றை அறுத்தாள். முதல் வருடப் படிவத்தின் மேல் மூலையில் இரண்டு கட்டங்கள்: முதலாவது புதிய முறை, இரண்டாவது பழைய முறை. பள்ளி எதுவோ அதில் ஒரு டிக். இரண்டாம் வருடக் கட்டைப் பிரித்தாள். மேல் தாளில் துருப்பிடித்த குண்டூசியோடு ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. பேராசிரியையின் சாய்ந்த கையெழுத்து.

'இந்த வருஷம் அச்சில் கட்டம் இடம் மாறிவிட்டது. முதலாவது பழைய முறை. கவனித்துக்கொள்.'

இரண்டு தடவை படித்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு அந்தக் கட்டை அவள் பிரிக்கவே இல்லை. தட்டச்சு செய்தவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணாக அடித்துக் கொடுத்ததை மட்டும் வாங்கி, இரண்டு வருடத்துக்கும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிட்டாள்.

கணினியில் பழைய கோப்பைத் திறந்து, இரண்டாம் வருட எண்களை மாற்றிப்போட்டு மறுபடி ஓட்டினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வித்தியாசம் இருந்தது. பதினொரு சொல்லேதான். பக்கம்தான் மாறியிருந்தது. புதிய முறையில் படித்த பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள்.

எங்கேயாவது தன் சந்தேகம் தப்பாக இருக்கும் என்று பள்ளிப் பெயர் பார்த்து முப்பது படிவங்களைக் கையாலேயே சரிபார்த்தாள். ஒன்றுகூட அவளுக்கு இரக்கம் காட்டவில்லை. கான்கிரீட்காரர் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரேன்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மாலை வீட்டில் தங்கை மகள் விடுமுறைக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கம்மா அன்றைய செய்தித்தாளை மடித்து நீட்டினாள். "இந்த ஒரு பத்தியை வாசி கண்ணு."

பெண் தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். முதல் சொல்லைச் சொன்னாள். இரண்டாவது சொல்லில் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் சிரிக்க முயன்றுகொண்டே கேட்டாள்: "பெரியம்மா, நீங்க ஆரம்பிச்சுக் குடுங்க. நான் கூடவே சொல்றேன்."

கணக்கம்மா தாளை வாங்கி மடித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் பேராசிரியையின் அறைக்குப் போனாள். சீட்டை மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தார்.

"நான் எழுதினதுதான்."

"ஆமாக்கா."

"நீ பார்க்கலை."

"பார்க்கலை."

வெளியே யாரோ மேசைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். பேராசிரியை எழுந்து கதவைச் சாத்தினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"அப்போ ஒரு மூணு மாசம் பொறுடி. அதோட எனக்கு சர்வீஸ் முடியுது. நான் போனப்புறம் நீ என்ன வேணும்னாலும் எழுது. நான் குறுக்க வரமாட்டேன்."

"ரெண்டு வாரத்துல ஸ்கூல் திறந்துடும்க்கா. எல்லா ஒண்ணாங்கிளாஸும்..."

"ஒன்பது வருஷம் போயிடுச்சு. மூணு மாசத்துல என்ன குடிமுழுகிப் போகுது?" குரல் உயர்ந்து, பாதியில் உடைந்தது. "எனக்குன்னு வேற என்னடி இருக்கு? பிள்ளையா குட்டியா? இது ஒண்ணுதானே."

கணக்கம்மாவுக்கு அது தெரியும். இருபத்தைந்து வருடமாக இருவரும் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள். இருந்தும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன்க்கா. நீங்க சொல்லலைன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன்."

"போ" என்றார் பேராசிரியை. சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. சுவரோரம் மேசைகளில் உப்பு மண் கண்ணாடிக் குடுவைகளிலும், உடைந்த கான்கிரீட் கட்டிகள் வரிசையாகவும், தேன்கூடு ஒன்று வலைக்குள்ளும் இருந்தன. எட்டுப் பேரின் மொழி ஒரு சின்ன ஒலிபெருக்கியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கணக்கம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் கடிதம் எழுதித் தயாராக இருந்தது.

பேராசிரியை மேடை ஏறினார். கையில் உரை இல்லை, அந்தத் துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது.

"நான் உங்ககிட்ட ஒன்பது வருஷமா சொல்லிட்டு வந்தது தப்பு" என்று ஆரம்பித்தார். "கூட்டு வாசிப்பு பிள்ளைங்களுக்கு நல்லது பண்ணலை. கெடுதல்தான் பண்ணியிருக்கு. இதை எந்தப் பள்ளியிலயும் தொடர வேண்டாம்னு கேட்டுக்கறேன்."

யாரோ இருமினார்கள். அவர் சீட்டைத் தூக்கிப் பிடித்து நிதானமாக வாசித்தார். "இதை அன்னைக்கே நான் எழுதி வெச்சேன். கணக்குப் போட்டவங்க பார்க்கலை. அவங்க இந்த அரங்கத்துலதான் இருக்காங்க."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அதனால்தான் கணக்கம்மாவால் எங்கேயும் பார்வையைத் திருப்ப முடியவில்லை.

பேராசிரியை இறங்கப் போனவர் மறுபடி ஒலிவாங்கியிடம் வந்தார். "நானும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயிருக்கேன். முப்பது குரல் சேர்ந்து வர்ற சத்தத்துல மயங்கிப் போயிட்டேன். ஒரு பிள்ளையை எழுப்பி, நீ தனியா வாசின்னு ஒரு நாளும் கேட்கலை." அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை.

திட்டம் அன்றே நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. கணக்கம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வாரமே தேனீக்காரர் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. என் எண்களை இன்னொருத்தர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடறேன்" என்று கோப்பை வாங்கிக்கொண்டார். பிறகு மண்காரர் வந்து தன் கோப்பைக் கேட்டார். கான்கிரீட்காரர் நேரில் வரத் தயங்கி ஆளனுப்பினார். வெளியாள் ஒருவர் அவள் பழைய கணக்குகளையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தார். வேறு பிழை எதுவும் அகப்படவில்லை. இருந்தும் யாரும் திரும்பி வரவில்லை. மூன்றாம் மாதம் அவளைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள், விடைத்தாள்களில் மதிப்பெண் கூட்டல் சரியா என்று பார்க்க.

வீட்டில் சொன்னது அந்த வெள்ளிக்கிழமை மாலையிலேயே. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கக் கை நின்றது.

"நீ சொன்னேன்னுதான்க்கா அங்க சேர்த்தேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "எத்தனை தடவை இவளை அடிச்சிருக்கேன், படிக்கலைன்னு." எழுந்து உள்ளே போய்விட்டாள். மடிக்காத துணி அப்படியே கிடந்தது.

பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நெற்றி சுருங்கியிருந்தது.

"அப்போ நான் மக்கு இல்லையா பெரியம்மா?"

வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. வகுப்பில் சொல்லியிருப்பார்கள், அல்லது அவளே தனக்கு வைத்துக்கொண்டிருப்பாள். ஆறு வருடமாக மனதில் வைத்திருக்கிறாள். "இல்லைடா" என்று சொல்ல வாயெடுத்த கணக்கம்மா, பெண்ணின் முகத்தில் பரவிய நிம்மதியைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாளிலிருந்து மாலையில் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது வெட்கம். சன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்காருவாள். சில நாள் புத்தகத்தைத் தூக்கி எறிவாள். அரையாண்டுத் தேர்விலும் மதிப்பெண் ஏறவில்லை. தங்கை பேச ஆரம்பித்தாள், ஆனால் வீட்டுக்கு வேண்டியதை மட்டும். அபிப்பிராயம் கேட்பதை விட்டுவிட்டாள்.

பேராசிரியை விருந்து வேண்டாம் என்று சொல்லி ஓய்வு பெற்றார். அதன்பின் ஒரே ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். தலைச் சாயம் விட்டுப்போயிருந்தது. கணக்கம்மா போய்விடலாமா என்று யோசித்தாள். அதற்குள் அவர் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி பொண்ணு வாசிக்கிறாளா?"

"எழுத்துக் கூட்டித்தான். ரொம்ப மெதுவா."

"தனியாவா?"

"தனியாத்தான்க்கா."

பேராசிரியை தலையாட்டினார். மேலே ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரித் திரும்பினார். பேருந்து வந்தது. அவர் எழுந்து, கம்பியைப் பிடித்து ஏறி, நிறுத்தம் தெரியாத அந்தப் பக்கத்துச் சன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.