மனேஜர் வளவு

இறந்துபோன தம்பியின் மையத்தைக் குளிப்பாட்ட மூன்றாவது வாளியை இழுத்துக்கொண்டிருந்தான் ஸெய்னுதீன். தம்பி வீட்டுக் கிணற்றில் அவன் கை வைப்பது இதுவே முதல் தடவை. பக்கத்து வளவில் குடியிருந்தும் இரண்டு வருசமாகத் தெருக் குழாய்க்கே நடந்தவன் அவன். தெறித்த துளி ஒன்று உதட்டில் பட்டது. கொஞ்சமும் உப்புக் கரிக்கவில்லை.

தம்பி அப்துல் மஜீத் விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கக் குனிந்தவன், அப்படியே சரிந்துவிட்டான். ஓட்டோ வருவதற்குள் உயிர் போய்விட்டது. நாற்பத்தொரு வயது.

அண்ணன் தம்பி இருவரும் துறைமுகக் கரையில் இருந்த ஐஸ் பெக்டரியில் வேலை செய்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு அது பூட்டப்பட்டது. சமாதானப் பேச்சு தொடங்கிய பிறகு அந்தக் காணியைத் துண்டு போட்டு, பத்து வருசம் வேலை செய்தவர்களுக்கு வீடு கட்டக் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். "நீ முதல்ல எடு" என்று தம்பியை முன்னே விட்டவன் ஸெய்னுதீன்தான்.

மஜீதுக்கு மனேஜரின் பங்களா நின்ற வளவு விழுந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு, காய்க்கிற மாமரங்கள் இரண்டு. ஸெய்னுதீனுக்கு ஐஸ் உறைய வைத்த உப்புநீர்த் தொட்டி இருந்த இடம். அத்திவாரம் வெட்டினால் கொங்கிறீட் இடித்தது. வைத்த முருங்கை பட்டுப்போனது. கட்டிய சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தது. தான் முந்தியிருந்தால் அந்தச் சீட்டு தன் விரலில்தான் பட்டிருக்கும் என்பதை அவன் ஒரு நாளும் மறக்கவில்லை.

"காக்கா, ஏன் ரோட்டுக்கு நடக்கிறீங்க? வேலியில ஒரு கடப்பு வைப்பம். மதினி வந்து அள்ளட்டும்" என்று மஜீத் அண்ணனிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

"எங்களுக்குக் கால் இரிக்கி. நீ ஒன்ட வேலயப் பாரு."

மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே முற்றம் நிறைந்துவிட்டது. கிண்ணியாவிலிருந்து லோஞ்சுப் படகில் வந்தார்கள். புல்மோட்டையிலிருந்து வந்தவர்கள் வழியெல்லாம் அடையாள அட்டை காட்டி வந்து சேர்ந்தார்கள். ஓர்ஸ் ஹில்லிலிருந்து பெக்டரியின் பழைய மெக்கானிக் யோகலிங்கம் வந்து, ஸெய்னுதீனின் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"அவனைப் போல ஒரு பிள்ளையக் காண ஏலாது, ஸெய்னுதீன்."

கதிரைகள் போதவில்லை. தன் மையத்துக்கு இதில் எத்தனை பேர் வருவார்கள் என்று ஸெய்னுதீன் நினைத்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

மையவாடியில் அவனே கபுர்க் குழிக்குள் இறங்கித் தம்பியின் தலைப்பக்கத்தை ஏந்தினான். கபுர் வெட்டியவர் மேலே நின்று சொன்னார்: "நல்ல மண். ஒரு கல்லுக்கூட இடிக்கல்ல." அதுவும் அவனுக்குச் சுருக்கென்றது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சனம் கலைந்தது. மஜீதின் மனைவி ஜெஸீமா, கணவனை இழந்தவள் ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தா இருக்கத் தொடங்கியிருந்தாள். திரைச்சீலைக்கு அப்பாலிருந்துதான் பேசினாள்.

"மச்சான், காணிக் கந்தோரால ஒரு கடுதாசி வந்திரிக்கி. ஆரோ பெட்டிசம் போட்டிரிக்காங்க. அவர் ஒம்பது வருசம்தான் வேலை செஞ்சவராம். காணி எடுக்க உரித்தில்லயாம். வாற செவ்வாய் விசாரணை."

உள்ளே இருந்த அசனா காணி அலுவலகக் கடிதத்தை வாங்கி வந்து கணவனிடம் நீட்டினாள். புகார் எழுதிய பெட்டிசத்தின் பிரதியும் சேர்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அரசாங்கக் கச்சேரியடியில் ஸெய்னுதீன் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு அடித்துக் கொடுத்த வரிகள். கையெழுத்து இல்லை. அசனாவுக்குக்கூட அவன் சொல்லவில்லை.

"அவன் இதப் பாத்தானா?" என்று திரைச்சீலைப் பக்கம் கேட்டான்.

"ஓம், போன கிழமை. வேலைக்குச் சேர்ந்த தேதியும் சரியா எழுதிரிக்கி என்டார். வேற ஒன்டும் கதைக்கல்ல."

காணி கொடுத்தபோது மனேஜர் பத்து வருசம் என்றே சான்று எழுதிக் கொடுத்திருந்தார். சரியான தேதி தெரிந்தவர்கள் இரண்டே பேர். வாப்பா மௌத்தாகி அடக்கிய மறு கிழமை, பதினெட்டு வயது மஜீதை சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் ஸெய்னுதீன்.

"என்ன செய்யிற என்டு கேட்டன்," என்றாள் ஜெஸீமா. "காக்காக்கிட்ட குடு, அவர்தான் என்னைக் கூட்டிப் போய்ச் சேர்த்தவர், கந்தோருக்கும் அவரே வந்து சொல்லட்டும் என்டார். வருவீங்களா மச்சான்?"

ஸெய்னுதீன் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நகக்கண்களில் கபுர் மண் இருந்தது.

"மச்சான்?"

அசனா கையை நீட்டி, அவன் தலைகீழாகப் பிடித்திருந்த கடிதத்தை நேராகத் திருப்பிவைத்தாள்.