பொட்டலத்தில் கருப்பு முடி

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பவன் என்று லாயத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். பத்து வருடம் விடாமல் சொன்னதில் மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வெயில் காலம் வந்தால் தேனீ மாதிரி ஒரு ஈ குதிரைகளைச் சுற்றும். கடிக்காது. முன்னங்கால் முடியிலும் தோளிலும் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். எள்ளில் பாதிகூட இருக்காது, வெளிர் மஞ்சள், பேன் ஈறு போல முடியைப் பிடித்துக்கொள்ளும். குதிரை காலை நக்கினால் வாய்க்குள் போய் வயிற்றில் புழுவாகத் தொங்கும். பிரஷ் போட்டால் வராது. பல் வைத்த வளைந்த கத்தியால் பொறுமையாக வழிக்க வேண்டும். கூடவே கொஞ்சம் முடியும் வரும். தீவனத்தில் விழுந்துவிடக் கூடாதென்று கீழே செய்தித்தாளை விரித்துக்கொண்டு, முடிந்ததும் பொட்டலமாக மடித்து எரித்துவிடுவோம்.

கருப்பன் என் பொறுப்பில் இருக்கும் குதிரை. பெயருக்கேற்ற நிறம், மஞ்சள் முட்டை பளிச்சென்று தெரியும். சந்தனம் என் கொழுந்தியாளின் குதிரை. முட்டையும் முடியும் ஒரே நிறம். ஒரு காலுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். நான் பத்து நிமிடத்தில் கருப்பனை முடித்துவிட்டு, சந்தனத்துக்குத் தாலாட்டுப் பாடுகிறாயா என்று கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க கெளம்புங்க மாமா, உங்க பொட்டலத்தையும் நானே எரிச்சுடறேன்" என்பாள். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். அதையும் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாகக் கிட்டத்தில் இருப்பது எதுவும் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் ஏதோ தெரியும். மனைவி மாத்திரை அட்டையைப் படிக்கச் சொன்னால், வெளிச்சம் போதவில்லை என்று பல்பின் மேல் பழி போடுவேன். கண்ணாடி வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு முன் கருப்பனைப் பார்த்தவரை, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த மாதமே வாசல் கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டைத் திறந்து மூட நான் தயாராக இல்லை.

போன வெள்ளிக்கிழமை கொழுந்தியாளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. இந்த மாத லீவெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அதனால் முதலாளியம்மாவிடம் சொல்லாமல், சந்தனத்தைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். போகும்போது, "கவனமா மாமா" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கே பாடமா?

சந்தனத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. காலைத் தடவினேன், சொரசொரவென்றுதான் இருந்தது. தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒப்புக்கு நாலு தடவை கத்தியை இழுத்துவிட்டு, விரித்த தாளைப் பார்க்காமலே மடித்தேன்.

மறுநாள் காலை நாங்கள் வேலை தொடங்கும் முன்பே குதிரை டாக்டர் வந்துவிட்டார். சந்தனத்தின் முன்னங்காலில் விரலை ஓட்டினார், குனிந்து பார்த்தார், முதலாளியம்மாவைக் கூப்பிட்டார். முட்டை நூற்றுக்கணக்கில் இருந்ததாம். நேற்று இந்தக் காலில் யாரும் கை வைத்த மாதிரியே தெரியவில்லை என்றார். இது யார் வேலை என்று முதலாளியம்மா எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் சொல்லாமல் போனது தெரிந்துவிடுமே, அவளுக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று ஒரு சாக்குக் கிடைத்தது. அது எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவள் வீங்கிய கன்னத்தோடு என்னை ஒரு தடவை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"நான்தான்மா. சரியாப் பாக்கல" என்றாள்.

எல்லோர் முன்னாலும் அவளுக்கு விழுந்த திட்டை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். இன்றைய வேலையை முடித்துவிட்டுப் போகலாம், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அது முடிந்தது. அவள் தலையாட்டிவிட்டுச் சந்தனத்தின் காலருகே உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலக் கருப்பனைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். சர்க்கரை வேண்டுமா என்று கடைக்காரர் மூன்று தடவை கேட்டாராம், எனக்குக் காதில் விழவில்லை. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். இரண்டு பொட்டலங்களும் ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தன. எரிக்க எடுத்துக்கொண்டு போகும்போது அவளுடையது கையில் பிரிந்துவிட்டது. நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். வெளிர் முடிக்கு நடுவே கருப்பு முடி. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி இருக்கும்.

லாயத்தில் கருப்புக் குதிரை ஒன்றுதான்.

தினமும் என்னை ஏன் முதலில் கிளப்பிவிட்டாள், பொட்டலத்தை ஏன் தானே எரித்தாள் என்பதெல்லாம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நான் பார்த்துவிட்டேன் என்று மார்தட்டிய குதிரையை, நான் போன பிறகு மறுபடி பார்த்திருக்கிறாள். மற்ற நாளெல்லாம் போகட்டும். இன்றைக்குமா? என்னால் வேலை போன பிறகுமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளியம்மாவின் மேஜைமேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். நேற்று சந்தனத்தைப் பார்த்தது நான், அவளுக்குப் பல்வலி, கருப்பனையும் அவள்தான் சுத்தம் செய்கிறாள் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் நம்பவில்லை. கொழுந்தியாளுக்காகப் பழியை ஏற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உங்களுக்குப் பெரிய மனசு என்று வேறு சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட அடி வாங்கியிருக்கலாம்.

நம்பாமலேயே ஒரு கருப்பு முடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல முட்டை இருக்கா, இல்லையா?"

கிட்டத்தில் கொண்டுபோனேன். தள்ளிப் பிடித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"தெரியலம்மா. ரெண்டு வருஷமாவே தெரியல."

அவர் முடியை வாங்கித் தாளிலேயே வைத்தார். பிறகு, திங்கட்கிழமை அவளை வரச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டுக்குப் போய்விடுங்கள் என்றார். சரி என்று கதவு வரை போனேன்.

"அப்ப கருப்பன இனிமே யார் பாக்கறது?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"இத்தன நாளாப் பாத்தவதான்மா" என்றேன்.