சைரன் போடாத ஊர்

மாற்றல் வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவன் பெருநகரத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். சின்ன ஊர் நிலையத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. சம்பளம் அதேதான்.

மனைவிக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அந்த ஊரில் அவளுடைய அக்காவும் அத்தானும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். லென்ஸ் வெட்ட ஆள் தேவை. அவளுக்குத் தெரிந்த வேலையும் அதுதான். நகரத்தில் அதற்காக ரயில் மாறி, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தாள். வீட்டின் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள். திறப்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

அவனுக்கும் சாதகம் இருந்தது. நகரத்துப் பாலத்தில் சாயங்காலம் வண்டி நகராது. பின்னால் படுத்திருப்பவரின் கதை பாலத்திலேயே முடிந்துபோன நாட்கள் உண்டு. சின்ன ஊரில் எந்த வீட்டிலிருந்தும் மருத்துவமனைக்கு ஐந்து நிமிடம்.

பாதகம் ஒன்றுதான். அதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. பின்னால் படுத்திருப்பவரின் முகத்தை அவன் பார்ப்பதில்லை. பின்பக்கம் தெரியும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துவிடுவான். பெயர் கேட்க மாட்டான். இறக்கிவிட்ட பிறகு என்ன ஆனார் என்றும் கேட்க மாட்டான். கூடச் சேர்ந்தவர்களில் சிலர் குடித்தார்கள், சிலர் வேலையை விட்டார்கள். அவன் தூங்கினான்.

ஊரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருவரும் போனார்கள். பஸ் நிலையத்தில் மனைவியின் அத்தான் நின்றிருந்தார்.

"வாங்க சகலை. நீங்க வர்றது ஊருக்கே தெரியும். எந்த சீட்ல உக்காந்து வந்தீங்கங்கறது வரைக்கும்."

"அத்தான், ஆரம்பிக்காதீங்க," என்றாள் மனைவி.

"நான் எங்கம்மா ஆரம்பிச்சேன்? கண்டக்டர் ஆரம்பிச்சான்."

வாடகை வீட்டை அன்று காலையே பார்த்தார்கள். வீட்டுக்காரர் எதிர்வீட்டில் குடியிருந்தார். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு குழாயையும் திறந்தார்.

"தண்ணி வேகத்தைப் பாருங்க. கையை வையுங்க. சும்மா வையுங்க."

அவன் கையை வைத்தான்.

"சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

"காலண்டரை எங்க மாட்டறது?" என்றாள் மனைவி.

"தேதி தெரியணும்னா என்னைக் கேளுங்க. எதிர்லதானே இருக்கேன்."

"வர்றவங்களையும் விரட்டிடுங்க," என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து அவருடைய மனைவி குரல் கொடுத்தார்.

கூடத்தில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் நுழைந்த காற்று மற்றதில் வெளியேறியது. மனைவி நடுவில் போய் நின்றாள். நகரவில்லை.

மத்தியானம் அவன் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போனான். வண்டியில் பின்னால் வரும் நர்ஸ்தான் நிலையத்துக்கும் பொறுப்பு. எல்லோரும் அவரை சிஸ்டர் என்றார்கள்.

"மாத்து டிரைவர் இன்னைக்கு லீவு. ஒரே டிபார்ட்மென்ட்தானே தம்பி, நீங்களே உக்காருங்க. ஊரும் பழகின மாதிரி இருக்கும்."

சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. நெஞ்சுவலி. தெருப் பெயரைக் கேட்டதும் காலையில் போன தெரு என்று தெரிந்தது. வண்டியை நிறுத்தியபோது வீடும் தெரிந்தது. வீட்டுக்காரர் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"நீங்களா?" என்றார்.

ஏற்றினார்கள். வண்டியை எடுத்ததும் அவன் கை தானாகச் சைரனைப் போட்டது.

"ஐயோ, அதை அமத்துங்க!" என்று சிஸ்டர் பின்னாலிருந்து கத்தினார்.

அவன் அமர்த்தவில்லை. நெஞ்சுவலிக்காரரை வைத்துக்கொண்டு சைரன் இல்லாமல் அவன் ஓட்டியதே கிடையாது. சிஸ்டர் பதட்டத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தான்.

கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஓரமாக நிற்கவில்லை. நடுரோட்டுக்கு வந்தார்கள். சலூனிலிருந்து ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். எதிரே வந்த பஸ் நின்றது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாருங்க உள்ள?"

"வழியை விடுங்க!"

"விடறேங்க. யாருன்னு சொல்லுங்க."

வண்டிக்குப் பின்னால் பைக்குகள் சேர்ந்தன. மருத்துவமனை வாசலில் வீட்டுக்காரரின் தம்பி, தம்பியின் மச்சினன், இன்னும் யார் யாரோ. கண்ணாடிக் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்த சகலையும் அங்கே இருந்தார். ஸ்ட்ரெச்சரை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

ஐந்து நிமிட வழி. இருபது நிமிடம் ஆகியிருந்தது.

சிஸ்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "நான் கத்தினது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"இங்க சத்தம் கேட்டா யாரும் ஒதுங்க மாட்டாங்க தம்பி. நம்ம வீட்டு ஆளா இருக்குமோன்னு ஓடி வருவாங்க. நாங்க சைரன் போட்டு வருஷக்கணக்காச்சு. பால் வண்டி மாதிரி போவோம், பால் வண்டி மாதிரி வருவோம்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சைரன் போடாதேன்னு ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர்கிட்ட சொல்லணும்னு யாருக்குத் தோணும்?"

டாக்டர் வெளியே வந்தார். இப்போதைக்கு ஊசி போட்டிருப்பதாகவும், இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்க இங்கே வசதி இல்லை என்றும் சொன்னார். நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மணி நேர வழி.

"அந்த ரோடு உங்களுக்குத்தான் தெரியும்," என்றார் சிஸ்டர்.

மனைவி வாசலில் காத்திருந்தாள். அவன் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"எனக்கு இந்த ஊர் வேண்டாம்."

"சைரனுக்காகவா? முதல் நாள் யாருக்கும் தப்பு வரும்."

"அது இல்ல. காலையில அவர் சொன்னார்னு தண்ணியில கையை வச்சேன். மத்தியானம் அவரையே தூக்கறேன். யாருன்னு தெரியாம இருந்தாத்தான் என்னால ஓட்ட முடியும். இங்க எல்லாரையும் தெரிஞ்சிடும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"இதை வீட்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம். நான் அந்த ஜன்னலைப் பார்க்காமயாவது இருந்திருப்பேன்."

அவள் வண்டியின் பக்கம் கையைக் காட்டினாள்.

"போங்க. வண்டியில ஏத்திட்டாங்க."

வீட்டுக்காரரின் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை. அதற்குள் என்ன எடுத்து வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. திறந்து பார்த்து மூடினார். நகரம் வந்ததும் அவன் சைரனைப் போட்டான். வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாருன்னு ஒருத்தரும் கேக்கலையே," என்றார் அவர்.

"இங்க கேக்க மாட்டாங்கம்மா."

பாலத்தில் எல்லாம் நின்றன. சைரன் கத்தியது. முன்னால் இருந்தவர்களுக்கு நகர இடமில்லை.

"தம்பி, நீங்களும் ஏதாவது பேச்சுக் கொடுங்க," என்றார் சிஸ்டர். "அவருக்குக் கண்ணு சொருகுது."

மேலே திருப்பி வைத்திருந்த பின்பக்கக் கண்ணாடியை அவன் கீழே திருப்பினான். வீட்டுக்காரரின் முகம் அதில் வந்தது.

"மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டான்.

வீட்டுக்காரரின் கண் திறந்தது.

"காலையில காட்டினேனே. கவனிக்கலையா நீங்க?"

"மறந்துட்டேன்."

"பின்பக்கம். கைப்பிடியோட. கைப்பிடி இருக்குன்னு சொல்லிச் சொல்லிக் காட்டினேன்."

"எத்தனை பேருக்குத்தான் காட்டுவீங்க," என்றார் முன்சீட்டிலிருந்து அவருடைய மனைவி.

பாலம் முடியும் வரை அவன் கேட்டுக்கொண்டே வந்தான். தண்ணீர்த் தொட்டி எங்கே, கொல்லைக் கதவுக்குப் பூட்டு உண்டா, மழை எந்தச் சுவரில் அடிக்கும். வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது. மழைக்கு விரலை மட்டும் அசைத்தார்.

மருத்துவமனையில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கமாக அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இப்போதும் போட்டான். பிறகு நடையில் வீட்டுக்காரரின் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சிஸ்டர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு டீ வாங்கப் போனார்.

போன் அடித்தது. மனைவி.

"என்ன சொல்றாங்க?"

"உள்ள கொண்டுபோயிருக்காங்க. இன்னும் ஒண்ணும் சொல்லலை."

"நம்ம வீடு பக்கத்துலதானே? போய்க் கொஞ்சம் படுத்துட்டு வண்டியை எடுங்க."

"தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

கதவு திறந்தது. யாரோ ஒரு ஊழியர் காலி ஸ்ட்ரெச்சரோடு வெளியே வந்து போனார்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"அந்த வீடு வேண்டாம். தினம் காலையில அவர் முகத்துல முழிக்க என்னால முடியாது. வேற வீடு பாரு."

"வேற வீடுன்னா எங்க?"

"அங்கதான். நாலு தெரு தள்ளி."

"நாலு தெரு தள்ளினா ஊரே முடிஞ்சிடுங்க."

அவன் மூடிய கதவைப் பார்த்தான்.

"சரி. மூணு."