தரை தொடாத குதிகால்

கொக்கு என்றால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாளெல்லாம் நிற்கிற, நெடுநெடுவென்று வளர்ந்த பெண். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி அதே அலுவலகத்தில் வேலைக்கு வந்து சேர்ந்ததால் பழைய பட்டப்பெயரும் கூடவே வந்துவிட்டது. அவளுக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் காலில் மாட்டிக்கொள்வதைப் பற்றித்தான்.

அது ஒரு காப்பீட்டு நிறுவனம். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் வேலை செய்யும் பெண்கள் ஹீல்ஸ்தான் போட வேண்டும் என்பது அங்கே விதி. குள்ளமானவர்களுக்காவது அதில் ஒரு லாபம் உண்டு. கொக்குக்கு என்ன கிடைக்கும்?

"ஏற்கெனவே நீ நிலைப்படியில தலை இடிக்கிற ஆளு. உனக்கு ஏணி வேற போட்டுக் குடுத்திருக்காங்க" என்று அவள் புருஷன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே வெந்நீர் வாளியையும் கொண்டுவந்து வைப்பான், அதனால் அவனைக் கோபித்துக்கொள்ள முடியாது.

அவனுடைய தங்கை எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்கு வந்தால் எல்லோரும் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பார்கள், அவள் காலைப் பார்த்து விசாரிப்பாள்.

"அண்ணி, இந்த ரெண்டு விரலுக்கு நடுவுல தொட்டா தெரியுதா?"

"மரத்துப்போன மாதிரி இருக்குடி."

"மாதிரி என்ன மாதிரி, மரத்துத்தான் போயிருக்கு. மொத்த உடம்பு பாரத்தையும் முன்னங்கால்ல கொண்டுபோய் வெச்சா நரம்பு பாவம் என்ன செய்யும்? உங்க மேடம்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்ககிட்டயா? நல்லா சொன்ன போ. நீயே வந்து அந்தப் பூனைக்கு மணி கட்டு."

மேடம் என்பது வாடிக்கையாளர் பிரிவின் தலைவி. நடுத்தர வயதைத் தாண்டிய, மெலிந்த, குள்ளமான பெண்மணி. குள்ளம் என்பதே யாருக்கும் உறைக்காது, ஏனென்றால் அவளுடைய ஹீல்ஸ்தான் அந்தக் கட்டடத்திலேயே உயரம். லிஃப்ட் கதவு திறந்து பளிங்குத் தரையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் போதும், மேசை மேசையாய் முதுகுகள் நிமிரும். டக்டக் மேடம் என்பது அவள் காதுபடச் சொல்லாத பெயர். விதியைப் போட்டதும் அவள்தான். தான் செய்யாத எதையும் அடுத்தவர்களிடம் கேட்டதில்லை என்பதால், திட்டுவதற்கும் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் காலை, வேலை சூடுபிடித்திருந்த நேரம், அபாய மணி அடித்தது. ஒத்திகை என்று நினைத்து பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லை. கீழ்த்தளங்களில் எங்கோ மின்பெட்டி எரிகிறது என்று செய்தி வந்தது. லிஃப்டை நிறுத்தினார்கள். அந்த மாடியில் எல்லோரும் இறங்கியதைச் சரிபார்த்துவிட்டுக் கடைசியாக இறங்க வேண்டிய பொறுப்பு கொக்குக்கு. நீ உயரமாக இருக்கிறாய், எல்லோர் கண்ணுக்கும் தெரிவாய் என்று சொல்லி, அவள் தலையில் அந்தப் பொறுப்பையும் உடம்பில் ஆரஞ்சு நிறச் சட்டையையும் எப்போதோ மாட்டிவிட்டிருந்தார்கள்.

"எல்லாரும் ஹீல்ஸைக் கழட்டிப் போட்டுட்டு இறங்குங்க, படியெல்லாம் ஈரமா இருக்கு" என்று அவள் தன்னுடையதையும் கழற்றி எறிந்துவிட்டுப் படிக்கட்டு வாசலில் நின்று கத்தினாள். தீயணைப்புக் குழாய் எங்கோ பிய்த்துக்கொண்டு படிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராய்க் குனிந்து கழற்றி ஓரமாய் எறிந்துவிட்டு இறங்கினார்கள்.

கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கணக்குப் பிரிவு அக்கா. உயரம் என்றாலே தலைசுற்றுகிறவள், ஜன்னலோர நாற்காலியைக்கூட வேண்டாம் என்று சொன்னவள். படிக்கட்டின் நடுவே கிணறு போல இறங்கிய இடைவெளியை எட்டிப் பார்த்துவிட்டு, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் மேடம், ஹீல்ஸோடு.

"மேடம், கழட்டிடுங்க."

"என்னால முடியாது. நீ இவளைக் கூட்டிட்டுப் போ, நான் மெல்ல வரேன்."

கொக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டடமே எரிகிறபோதும் இந்த அம்மாவுக்குப் பகட்டு போகவில்லையே என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் மேடம் ஒரு படி இறங்கினாள், கால் வழுக்கியது, ஒரு ஹீல் முறிந்து இடைவெளிக்குள் விழுந்து சில நொடி கழித்துத்தான் கீழே சத்தம் கேட்டது. கொக்கு பாய்ந்து அவள் கையைப் பிடித்திராவிட்டால் ஆளும் பின்னாலேயே போயிருப்பாள்.

மேடம் கைப்பிடியில் சாய்ந்து, இரண்டு செருப்பையும் கழற்றினாள். அப்போதுதான் கொக்கு அந்தக் கால்களைப் பார்த்தாள். கட்டைவிரல்கள் பக்கத்து விரல்களின் மேல் ஏறிப் படுத்திருந்தன. விரல் மூட்டுகள் புடைத்து, முன்பாதம் முழுக்கக் காய்ப்பு. அதெல்லாம்கூடப் பெரிதில்லை. வெறுங்காலோடு நிற்கிற மேடத்தின் குதிகால்கள் தரையில் படவில்லை. கண்ணுக்குத் தெரியாத செருப்பு ஒன்று இன்னும் மாட்டியிருப்பதுபோல, இரண்டும் அந்தரத்தில் நின்றன.

"கீழ வைங்க மேடம்."

"வராது" என்றாள் மேடம், சாதாரணமாக. "ரொம்ப வருஷமாச்சு அது கீழ இறங்கி. வீட்டுக்குள்ளயும் ஹீல்ஸ்தான்."

அதற்குள் கீழிருந்து புகை வாடை ஏறத் தொடங்கியிருந்தது. மேடம் ஒரு கணம் படிகளைப் பார்த்தாள். பிறகு கொக்கு எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். திரும்பி நின்றுகொண்டாள். ஏணியில் இறங்குகிறவர்களைப் போல முதுகு காட்டி, நுனிக்காலால் பின்னால் துழாவி ஒரு படி இறங்கினாள். குதிகால் படிக்கு வெளியே தொங்கியது. அங்கே அதற்குத் தரை தேவைப்படவில்லை.

இப்போது அவள் முகம் கணக்கு அக்காவின் முகத்துக்கு நேராக இருந்தது.

"கையைக் குடு."

"மேடம், என்னால முடியாது, தலை சுத்துது."

"கீழ பாக்காத. என் மூஞ்சியைப் பாரு. இத்தனை வருஷம் பயந்து பயந்து ஓரக்கண்ணால பாத்திருக்க, இன்னிக்கு நல்லா பாத்துக்கோ."

அக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் எழுந்து நின்றாள். மேடம் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கொக்கு கீழே போய், மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஒரு படி, இன்னொண்ணு, இப்ப திருப்பம் மேடம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டு மாடி. நல்ல கால் உள்ளவர்களே நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். மேடம் உட்காரவில்லை. கெண்டைக்கால் சதை கட்டை போல இறுகி நடுங்குவது கொக்கின் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஓரிடத்தில் விரல் இடுக்கில் ரத்தம் கசிந்து ஈரப் படியில் பரவியது. குரல் மட்டும் மாறவே இல்லை. உன் மகள் எந்த வகுப்பு, உன் மாமியார் கண் ஆபரேஷன் என்னாச்சு என்று, தேநீர் இடைவேளையில் பேசுவதைப் போல அக்காவிடம் பேசிக்கொண்டே இறங்கினாள். இவளுக்கு அதெல்லாம் தெரியும் என்பதே கொக்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் நின்று பழகிய தன் வலி என்னவோ பெரிய மலை என்று நினைத்திருந்தாள். இது என்ன கால், இது என்ன மனுஷி என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே வந்தது.

தெருவுக்கு வந்தபோது தீயை அணைத்திருந்தார்கள். யாருக்கும் ஆபத்தில்லை. எதிர்ச்சாரி நடைபாதையில் அலுவலகப் பெண்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் பூச்சு கலையவில்லை, உதட்டுச் சாயம் அழியவில்லை. கீழே பார்த்தால் கறுத்த நகங்கள், பிளாஸ்திரிகள், கொப்புளங்கள், வளைந்த விரல்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கள், ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடமும் பார்த்தாள். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒவ்வொரு ஜோடியாய்ப் பார்த்தாள்.

பிறகு கொக்கிடம் மெல்லச் சொன்னாள். "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப மீட்டிங்ல பேசினா என் தலைக்கு மேல அடுத்த ஆளைப் பாப்பாங்க. ஹீல்ஸ் போட்டு போன அன்னிக்குத்தான் என் கண்ணைப் பாத்துப் பதில் சொன்னாங்க. அந்த உயரத்தை எல்லாருக்கும் குடுக்கிறதா நினைச்சேன்."

"என் நாத்தனார் கால் வைத்தியம் பாக்கிறா மேடம். கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஆனா கைராசிக்காரி" என்றாள் கொக்கு.

அடுத்த வாரக் கூட்டத்தில் மேடம் ஒரே வரியில் விதியை எடுத்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று மேலதிகாரி கேட்டாராம். "நான் எந்தச் செருப்புல வந்து தீயிலேர்ந்து தப்பிச்சேன்னு கேளுங்க, சொல்றேன்" என்றாளாம். மறுநாளே அந்தத் தளம் அமைதியாகிவிட்டது. வருகிறவர்களின் காலடியே கேட்காமல் முதலில் கொஞ்ச நாள் ஆளாளுக்குத் திடுக்கிட்டார்கள்.

ஆனால் மேடம் மட்டும் ஹீல்ஸிலேயே வந்தாள். நாத்தனாரின் கட்டளை அது. "குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார் சுருங்கிப் போச்சும்மா. இன்னிக்கே தட்டைச் செருப்பு போட்டா அது கிழிஞ்சிரும். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். படுத்தித்தான் எடுக்கும், அழுதுக்கிட்டே செஞ்சாலும் சரி." விரல்கள் பழையபடி நேராகாது, குதிகால் இறங்கலாம் என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மேடம் அழவில்லை. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, குதிகாலைக் கீழே அழுத்துகிற அந்தப் பயிற்சியைத் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். பிறகு சாத்தாமலே செய்தாள். கணக்கு அக்கா போய் அந்தச் சுவரில் அவளும் கை ஊன்றி நின்றாள். கொக்கும் போனாள். மரத்திருந்த அவளுடைய விரல்களில் சுரணை திரும்பிக்கொண்டிருந்தது, சில நாள் எறும்பு ஊர்வதுபோல, சில நாள் நெருப்புப்போல.

மாதங்கள் ஓடின. செருப்பின் உயரம் மேடத்தோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு மாலை ஆஸ்பத்திரியில் கொக்கும் கூட இருந்தாள். நாத்தனார் மேடத்தை வெறுங்காலோடு நிற்கவைத்து, ஒரு காகிதத்தைக் குதிகாலுக்கு அடியில் செருகி இழுத்தாள். வழக்கமாக அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றாள். அன்றைக்கு வரவில்லை. இன்னொரு காலில் செருகினாள். அதுவும் வரவில்லை. இழுத்தபோது காகிதம்தான் கிழிந்தது.

மேடம் குனிந்து பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் இத்தனை சிறிய உருவமா என்று கொக்குக்கு இருந்தது. தன் தோளுக்குக்கூட எட்டவில்லை. ஆனாலும் அண்ணாந்து பார்க்கிற உணர்வுதான் வந்தது. வாய்த்துடுக்கு நாத்தனார்கூடக் கிழிந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மேடம், வலிக்குதா?" என்று கொக்கு கேட்டாள்.

மேடம் மெல்லத் தலையசைத்தாள்.

"இல்ல" என்றாள். "தரை குளிருது."