கொத்தனார் இருக்கும் திசை

பெருமாள்சாமி கொத்தனார் எந்த ஊருக்குப் போகிறாரோ, நொச்சிநத்தம் மாதா கோயிலின் கோபுரம் அந்தத் திசைக்கு மூன்று முழம் சாயும். எட்டயபுரம் போனால் வடக்கே, கடம்பூருக்குப் போளி வாங்கப் போனால் மேற்கே.

நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் தன் ஊர்க் கோயிலின் படத்தைக் காட்டிக் கட்டவைத்தது அது. கும்பிடும் கைகளைப் போல வளைவுகள் உச்சியில் கூடும். விதானத்தில் விலா எலும்பாகக் கல் ஓடும். அந்தப் பாரம் சுவரை வெளியே தள்ளிவிடாதபடி பக்கத்துக்கு ஆறு கல்கைகள் வெளியே நின்று முட்டுக் கொடுக்கும். சிலுவை வடிவின் நடுவே கோபுரம். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதனால் அன்றைய ஆட்கள் ஒன்பதடி தோண்டி, அடியில் கிடக்கும் சுக்கான் பாறையில்தான் கல் வைத்தார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன் தெற்குக் கை ஒன்று விரிசல் விட, மாற்றிக் கட்ட வந்தவர் பெருமாள்சாமி. நாலடியில் கடப்பாரை ணங்கென்றது. பாறை இல்லை, வழியில் கிடந்த வெறும் சுக்கான் கட்டி. சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். மறுநாள் அவர் குலதெய்வத்துக்குக் கொடை; வேலையை முடிக்கும் அவசரம். "சுக்கான் தட்டிட்டு சாமி" என்றார். வெளியூர்க்காரரான பங்குச் சாமியார் தலையாட்டினார். கை எழும்பிய அன்றே கோபுரம் அவர் பின்னால் திரும்பத் தொடங்கியது.

"ஏட்டி கிருஷ்ணவேணி, ஒம் புருசன் கடம்பூர்லயா நிக்காரு? கோபுரம் மேக்க பாக்குதே!" என்று பக்கத்து வீட்டுப் பூங்கொடி கேலி பேசுவாள். அவர் பெண்டாட்டியும் சிரிப்பாள். அவருக்குத்தான் ஐப்பசி மேகத்தைக் கண்டால் சோறு இறங்காது. மண் உப்பினால் அந்தக் கை தூக்கும். கை தூக்கினால் சுவர் விலகும். கீழே இருநூறு தலைகள்.

போன ஐப்பசியில் நெற்றித் திருநீற்றோடு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய் முட்டி போட்டார்.

"நாலடிதான் சாமி. அது கட்டி."

"நீரு நம்ம சபை இல்லையே?"

"கோயில் ஒங்களுது. தப்பு என்னுது சாமி."

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் கொத்தனாரே அதைச் சொன்னார். மழைக்காலம் முழுக்கப் பூசை பள்ளிக்கூடத்தில் நடந்தது. மாசியில் மண் காய்ந்ததும் கையைப் பிரித்து, தன்னந்தனியாக ஒன்பதடி இறங்கி, பாறையிலிருந்து மறுபடி கட்டினார். சுவர் உறுதிப்பட்டது. கோபுரம் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

"அண்ணாச்சி, கோபுரத்துக்கு நேர் கீழ வந்து இரியும். பொறவு எங்கிட்டுச் சாயுதுன்னு பாப்போம்" என்றாள் பாலம்மாள், கோயிலைப் பெருக்குகிறவள். இருந்தார். நேராக நின்றது.

இப்போது ஞாயிறுதோறும் நட்டநடுவில் அவருக்குப் பாய் விரித்திருக்கும். சனங்கள் ஒதுங்கி வழி விட்டுவிட்டுத் தங்கள் பாட்டைப் பாடுவார்கள். பூசை முடிந்து கடைசி ஆள் வாசல் தாண்டும்வரை அவர் எழுந்திருப்பதில்லை.